எம் வீட்டு மொறிஸ் மைனர்

கல்லூரி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபொழுது, எதைப்பற்றி எழுதுவதென நாம் சில நாள் எண்ணிப் பார்த்தோம். கல்வியின் சிறப்பையும் சமயத்தின் மேன்மையையும் எழுதத் தக்க பெரியோர் பலர் நம் பழைய மாணவருள் இருக்கின்றனர். எமக்கு நன்கு தெரிந்ததோ ஒரு பழைய மோட்டார் வண்டி. விழா மலரில் வண்டிக்கென்ன வேலையென்று சிலர் நகைக்கவும் கூடும். ஆயினும், அவ்வண்டியிலேறியே நாம் முதன்முதல் இக்கல்லூரி வாயிலில் வந்திறங்கினோம். இங்கே வகுப்பறையிற் கற்றவற்றுட் சிலவற்றின் பொருளை அவ்வண்டியின் அருகில் நின்றே பின்னாளில் உணர்ந்தோம். ஆதலால், அதன் கதையைச் சொல்லத் துணிகின்றோம்.

1960களில் கண்டி வீதி வழியாக மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று பயணஞ் செய்தவர்களுக்கு அக்கால வண்டிகள் நினைவிலிருக்கும். ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட், மொறிஸ் மைனர், ஹில்மன், பேர்ஜோ என்பனவே வீதியை ஆண்டன. 1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணி நெருக்கடியினால் மோட்டார் வண்டி இறக்குமதி மிகவும் இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையும் புதிய வண்டியென்பது பெரும்பாலோர்க்குக் கனவாகவே இருந்தது. இருந்த வண்டியைப் பேணிக் காப்பதன்றி வேறு வழியில்லை. ஆகவே, வண்டி ஒரு பொருளாக இராமல், தொழுவத்து மாட்டைப்போலக் குடும்பத்தின் ஓர் உறுப்பாயிற்று. அதற்கும் குணமுண்டு, கோபமுண்டு, பிடிவாதமுண்டு என்று நாம் உண்மையாகவே நம்பினோம்.

எமது தந்தையார் 1958ஆம் ஆண்டில் வாங்கியது நான்கு வயதான ஒரு மொறிஸ் மைனர். இலக்கத் தகட்டில் ஸ்ரீ எழுத்து வருமுன்னர் பதிவான வண்டி அது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த இவ்வண்டி 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் உருண்டை வடிவைக் கண்ட நஃபீல்ட் பிரபு, முட்டையைப்போல இருக்கின்றதென்று முகஞ்சுளித்தாராம். ஆனால், அந்த முட்டையே பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து இலட்சம் வண்டிகளாகப் பெருகிற்று. எமது வண்டியின் இயந்திரம் 803 கனசென்ரிமீற்றர் கொள்ளளவு உடையது. முன்கண்ணாடி நடுவிலே பிரிக்கப்பட்டு இரு கண்கள்போல விளங்கும். நால்வர்க்கென்று செய்யப்பட்ட அவ்வண்டியில், வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு நாம் ஒன்பதுபேர் சென்றதுண்டு. பொங்கற் பானையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இனி அதன் குணங்களைச் சொல்லுவோம். திறப்பைத் திருப்பியதும் முன்மூடியின் கீழிருந்து ‘டிக், டிக், டிக்’ என்று ஓரொலி எழும். பெற்றோல் தாங்கி பின்னாலும் இயந்திரம் முன்னாலும் இருப்பதால், எண்ணெயை முன்னோக்கி இழுக்க மின்சாரத்தால் இயங்கும் சிறு பம்பி ஒன்று அதிலுண்டு. அதன் ஒலிதான் அது. எமது தாயார் அதைப் பல்லி சொல்வதாகவே கொள்வார். ஒலி எழுந்தால் நல்ல சகுனம், பயணம் தொடங்கலாம். ஒலி எழாவிடில் தந்தையார் இறங்கி, முன்மூடியைத் திறந்து, திருப்புளியின் மரப்பிடியால் பம்பியின் தலையில் மெல்ல ஒரு தட்டுத் தட்டுவார். உடனே பல்லி பேசத் தொடங்கும்.

இது ஏனென்று எமக்கு விளங்கியது நம் கல்லூரியின் பௌதிக வகுப்பிலேதான். மின்காந்தம் பற்றிய பாடம் வந்தபொழுது, வீட்டுப் பம்பி பழுதாகிக் கழற்றப்பட்டிருந்ததால், அதை நாம் வகுப்புக்கு எடுத்துச் சென்றோம். ஆசிரியர் அதை மேசையில் வைத்துப் பிரித்துக் காட்டினார். சுருளில் மின் பாய்ந்ததும் அது காந்தமாகி ஒரு மென்றகட்டை இழுக்கின்றது. இழுத்து முடிந்ததும் தொடுமுனைகள் விலகி மின் துண்டிக்கப்படுகின்றது. வில்லு தகட்டைத் திரும்பத் தள்ள, எண்ணெய் முன்னே செல்கின்றது. மீண்டும் முனைகள் கூடுகின்றன. அம்முனைகளில் தீப்பொறி பட்டுக் கருகினால் மின் பாயாது. தட்டும்பொழுது அவை சற்றே அசைந்து திரும்பவும் தொட்டுக்கொள்கின்றன. “உங்கள் ஐயா தட்டுவது மந்திரமன்று, தம்பி, விஞ்ஞானம்” என்று அவர் சொன்ன சொல் இன்றும் எம் காதில் ஒலிக்கின்றது.

திரும்புதிசை காட்ட இக்காலத்தில் விளக்கு மின்னுகின்றது. எமது வண்டியிலோ கதவுத் தூணிலிருந்து புகையிரதக் கைகாட்டி போன்றதொரு சிறு கை வெளியே நீளும். நீண்ட கை சில வேளைகளில் திரும்பி உள்ளே செல்லாது. பின்னிருக்கையில் இருப்பவர் தூணைத் தட்ட வேண்டும். இந்தப் பதவி எமக்கும் எம் தங்கைக்கும் இடையே பல சண்டைகளுக்குக் காரணமாயிற்று.

இன்னொரு குணம் சற்றுக் கொடியது. முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்மூட்டு ஒரு திருகாணிபோல அமைந்தது. அதற்குக் குறித்த காலத்தில் கிறீஸ் ஏற்றாவிடின், புரி தேய்ந்து, ஒருநாள் மூட்டுக் கழன்று சக்கரம் மடிந்துவிடும். எமது ஊர் வீதிகளோ கிறவல் வீதிகள். கோடையிற் புழுதியும் மாரியிற் சேறும் மூட்டுக்குள் புகும். ஆதலால், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தையார் கிறீஸ் துப்பாக்கியுடன் வண்டியின் கீழே படுத்துவிடுவார். அவ்வேளையில் எவர் வந்தாலும் அவருடைய கால்களோடுதான் உரையாட வேண்டும்.

மின்கலம் சோர்ந்த நாளில் முன்னாலுள்ள துளையில் இரும்புக் கைபிடியைச் செருகிக் கையால் சுழற்றி இயந்திரத்தை எழுப்ப வேண்டும். எமக்குப் பதினான்கு வயதானபொழுது தந்தையார் அதைக் கற்பித்தார். பெருவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே மடிக்காமல், அவற்றோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். இயந்திரம் எதிர்த்து உதைத்தால் கை தானே விடுபடும். இறுக்கிப் பிடித்தவனின் எலும்பு முறியும். “பிடிக்கத் தெரிந்தால் போதாது, விடவும் தெரியவேண்டும்” என்பார். அன்று அதை வண்டிக்குரிய விதியென்றே எண்ணினோம்.

நிற்க. இவையெல்லாம் இனிய நினைவுகள். இவ்வண்டியை நாம் மறக்கவொண்ணாத காரணம் வேறு.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. வன்னிக்கு வரும் பொருள்கள் பல தடுக்கப்பட்டன. பெற்றோல் கிடையாது, மின்கலம் கிடையாது. மண்ணெண்ணெய் மட்டும் அளவாகவும் அரிதாகவும் கிடைத்தது. வீட்டு விளக்குக்கும் அதுவே, நீர்ப்பம்பிக்கும் அதுவே, வண்டிக்கும் அதுவே. பெற்றோல் வண்டி மண்ணெண்ணெயில் எப்படி ஓடுமென்று இன்றைய மாணவர் வினவலாம். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. குளிர்ந்த இயந்திரத்தில் அது துளியாகவே நின்றுவிடும், தீப்பற்றாது. இயந்திரம் சூடேறிய பின்னரோ அச்சூட்டினால் ஆவியாகி எரியும். ஆகவே, முதலிற் சிறிது பெற்றோலைக் கொடுத்து எழுப்பிச் சூடேற்றி, அதன்பின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பழைய ஃபோட்சன் உழவு இயந்திரங்கள் இம்முறையிலேயே ஓடின. உழவு இயந்திரத்தோடு முதுமையடைந்த எம் ஊர் மெக்கானிக் ஒருவருக்கு இது புதுமையன்று.

பழைய ஆங்கில வண்டிகளுக்கு இதற்கேற்ற தகுதிகள் இருந்தன. அவற்றின் அமுக்க விகிதம் குறைவு. ஆதலால் தாழ்ந்த எண்ணெயிலும் அதிகம் இடிக்காமல் ஓடும். மைனரில் எண்ணெய் புகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருப்பதால் ஒன்றின் சூடு மற்றதற்கு உதவும். தீப்பொறி சற்றுப் பிந்தி எழும்படி விநியோகியைச் சிறிது திருப்பிவிட்டால் இடிப்பு மேலும் குறையும். இலகுவான புதிய வண்டிகள் மரத்தின் கீழே உறங்கியிருக்க, நாற்பது வயதுக் கிழவண்டிகள் வெண்புகை கக்கிக்கொண்டு ஓடியதன் இரகசியம் இதுவே. எரியாத மண்ணெண்ணெய் இயந்திரத்தின் அடியிலிறங்கி மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். இயந்திரம் நாளுக்கு நாள் தேயும். அதை அறிந்தே ஓட்டினோம். அதே ஆண்டுகளில் தென்னிலங்கையில் மொறிஸ் மைனர் உதிரிப்பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன என்பதைப் பின்னாளில் அறிந்தபொழுது சிரிப்பதா அழுவதா என்று எமக்குத் தோன்றவில்லை. நாமோ சைக்கிள் ரியூப்பை வெட்டி அடைப்பு வளையம் செய்துகொண்டிருந்தோம்.

1994ஆம் ஆண்டின் மாரி. விசுவமடுவை அடுத்த எம் வீட்டில் தங்கை முதற் பிள்ளைப்பேற்றுக்காக வந்திருந்தாள். கிளிநொச்சி மருத்துவமனைக்குத் தருமபுரம், முரசுமோட்டை, பரந்தன் வழியாகச் செல்ல வேண்டும். தந்தையார் பல மாதங்களாகத் துளி துளியாகச் சேர்த்த பெற்றோல் அரைப் போத்தல், பூசையறை இறாக்கையில் இருந்தது. தங்கையின் நாளுக்கென்றே அது வைக்கப்பட்டிருந்தது. திருமண வீட்டாரும் வணிகரும் கேட்டுவந்தபொழுதெல்லாம் தந்தையார் இல்லையென்றே அனுப்பினார்.

ஒருநாள் இரவு அயல்வீட்டுக்காரர் மழையில் ஓடிவந்தார். “அண்ணை, பெடியனுக்குப் புடையன் கடிச்சுப்போட்டுது” என்றார். அவர் தோளிற் கிடந்த பிள்ளைக்கு ஆறு வயது. கால் வீங்கியிருந்தது. தாயார் தங்கையைப் பார்த்தார். தங்கை தந்தையாரைப் பார்த்தாள். நாம் போத்தலைப் பார்த்தோம். உண்மையை ஒளிப்பதில் பயனில்லை. அவர் கேளாமலே திரும்பிச் செல்லமாட்டாரா என்று அக்கணத்தில் நாம் எண்ணியதுண்டு. முப்பது ஆண்டு கடந்த பின்னரும் அவ்வெண்ணம் எம்மைச் சுடுகின்றது. தந்தையார் ஒன்றும் பேசவில்லை. இறாக்கையிலிருந்து போத்தலை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

ஈரத்தில் இயந்திரம் எளிதில் எழவில்லை. பாதிப் பெற்றோல் அங்கேயே முடிந்தது. பிள்ளையை மருத்துவமனையிற் சேர்த்து, விடியும்வரை காத்திருந்தோம். திரும்புகையில் குளிர்ந்துபோன வண்டியை எழுப்ப எஞ்சிய பாதியும் தீர்ந்தது. தங்கையின் நாள் நெருங்கியதால் வண்டியை அங்கே விட்டுவரவும் இயலவில்லை. பிள்ளை பிழைத்தான். போத்தல் வெறுமையாயிற்று.

மூன்றாம் நாள் நள்ளிரவில் தங்கைக்கு நோவு கண்டது. பெற்றோல் ஒரு துளியில்லை. மின்கலத்தில் தீப்பொறி எழுப்பும் அளவே வலுவிருந்தது. தந்தையார் பதறவில்லை. வண்டியிலிருந்து நான்கு பிளக்குகளையும் கழற்றி அடுப்புத் தணலிற் போட்டார். தாயார் பெரிய பானையில் நீர் கொதிக்கவைத்தார். றேடியேற்றரின் குளிர்நீரைத் திறந்துவிட்டுக் கொதிநீரை ஊற்றினோம். சாக்கைக் கொதிநீரில் தோய்த்துக் காபிரேற்றரையும் குழாயையும் சுற்றினோம். செய்தியறிந்து அயல்வீட்டுக்காரர் வந்துவிட்டார். மருத்துவமனையில் மனைவியைப் பிள்ளையோடு விட்டு அன்று மாலைதான் நடந்து திரும்பியிருந்தார். “தள்ளுங்கோ தம்பி, நான் சுத்துறன்” என்று கைபிடியை எம்மிடமிருந்து வாங்கிக்கொண்டார். தந்தையார் அந்நேரத்திலும் அவருடைய பெருவிரலை எடுத்துச் சரியான பக்கத்தில் வைத்தார்.

சுட்ட பிளக்குகளைச் சாக்குத் துண்டாற் பிடித்துப் பூட்டினோம். அவர் சுழற்றினார். ஒன்றுமில்லை. மீண்டும் சுழற்றினார். இயந்திரம் எதிர்த்து உதைக்கக் கைபிடி தெறித்தது, கை தப்பிற்று. எத்தனை முறையென்று நாம் எண்ணவில்லை. ஈற்றில் ஒரு இருமல், பின்னர் இன்னொன்று, பின்னர் வீட்டு முற்றமெல்லாம் வெண்புகை. தந்தையார் காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தார். தங்கையை ஏற்றினோம். மேற்பாதிக்குக் கறுப்பு மை பூசிய முன்விளக்கின் மங்கலொளியில், நீர் நிறைந்த குழிகளைக் குத்துமதிப்பாக விலக்கி, இயந்திரம் நின்றுவிடக் கூடாதென்று முறிகண்டிப் பிள்ளையாரை நேர்ந்துகொண்டு சென்றோம். பொழுது புலருமுன் பெண்குழந்தை பிறந்தது. அவ்வேளையில் அதே மருத்துவமனையின் மற்றொரு விடுதியில் அச்சிறுவன் உறங்கிக்கொண்டிருந்தான்.

2002இல் பாதை திறந்தது. பெற்றோல் தாராளமாக வந்தது. யப்பானிய வண்டிகள் கண்டி வீதியில் விரைந்தன. தந்தையார் மைனரின் இயந்திரத்தைப் பிரித்துப் புதுப்பித்து, எல்லோரையும் ஏற்றி முறிகண்டிக்குச் சென்று, நேர்ந்த தேங்காயை உடைத்தார். எட்டு வயதுப் பேத்தியும் பதினான்கு வயது அயல்வீட்டுப் பிள்ளையும் பின்னிருக்கையில் கச்சான் கொறித்துக்கொண்டு கைகாட்டியைத் தட்டும் பதவிக்குச் சண்டையிட்டனர். அதுவே அவ்வண்டியின் பொற்காலம்.

2009 சனவரியில் ஊரோடு நாமும் புறப்பட்டோம். பாத்திரங்கள், அரிசி, நோயாளர், அயலவரின் மூட்டைகள் யாவற்றையும் வண்டி சுமந்தது. கிறீஸ் ஏற்ற வழியில்லாமல் மாதங்கள் கழிந்திருந்தன. புதுக்குடியிருப்புக்குச் செல்லும் வீதியில் ஒரு குழியைத் தாண்டுகையில் கீழ்மூட்டுக் கழன்றது. முன்சக்கரம் மடிய, யானை முழந்தாளிடுவதுபோல வண்டி பணிந்து நின்றுவிட்டது. பின்னே சனவெள்ளம். அதை ஓரத்துக்குத் தள்ளினோம். தந்தையார் கதவுகளை மூடினார்; பழக்கத்தினாற் பூட்டினார்; திறப்பை மடியிற் செருகிக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அவ்வாண்டு மே மாதத்துக்கு முன்னரே அயல்வீட்டுப் பிள்ளையை நாம் இழந்துவிட்டோம். அப்பொழுது அவனுக்கு வயது இருபத்தொன்று. அதைப்பற்றி இதற்குமேல் எழுத எம்மால் இயலவில்லை.

செட்டிகுளம் முகாமிலிருந்து மீண்ட பின்னர், புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையே குவிந்துகிடந்த துருப்பிடித்த வண்டிகளின் நடுவே தந்தையாரோடு நாமும் தேடித் திரிந்தோம். பேருந்துகள், உழவு இயந்திரங்கள், மோட்டார்ச் சைக்கிள்கள், ஆயிரமாயிரம் சைக்கிள்கள் மலைபோலக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் கதை. எமதைக் காணவில்லை. “போவம்” என்றார் தந்தையார்.

2013இல் அவர் காலமானார். செத்தவீட்டுக்கு அயல்வீட்டுக்காரர் வந்து நெடுநேரம் பேசாமல் இருந்தார். எழுந்து செல்லுகையில் எம் கையைப் பிடித்து, “அண்ணை அண்டைக்கு அந்தப் போத்தலை எடுத்துக்கொண்டு இறங்கினவர். அதாலை எனக்குப் பதினைஞ்சு வருசம் பிள்ளை இருந்தவன்” என்றார். நாம் விடையிறுக்க முடியாமல் நின்றோம். போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்ற எம் எண்ணத்தை அவர் அறியார். அறிந்திருந்தாலும் அதே சொல்லைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கின்றோம்.

பழைய வண்டியே சிறந்ததென்று மாணவர்க்கு நாம் கூறவரவில்லை. தங்கை மகள் இன்று ஆசிரியையாக இருக்கின்றாள். அவள் ஏறிச் செல்லும் யப்பானிய வண்டி திறப்பின்றியே ஒலியில்லாமல் எழுகின்றது. அன்று நாம் மணிக்கணக்காகச் சென்ற வழியை அரைமணியிற் கடக்கின்றது. அத்தகைய வண்டி அன்று எமக்குக் கிடைத்திருந்தால் வணங்கி ஏற்றிருப்போம். எந்தப் பிள்ளையும் பிளக்கைத் தணலிலிட்டுக் காய்ச்சும் நாளைத் திரும்பக் காணலாகாது. ஆயினும், பொருள் குறைந்த காலத்திலும் தமக்கென்று வைத்ததைப் பிறர்க்கென்று எடுத்துக்கொண்டு இறங்கியவர்கள் இம்மண்ணில் வாழ்ந்தார்கள் என்பதை அவர்கள் அறிந்திருத்தல் நன்று. இறுகப் பிடித்த கையே முறியும் என்று அன்று கற்றது, வண்டிக்கு மாத்திரம் உரிய விதியன்று.

அத்திறப்பு இன்றும் எம் வீட்டுப் பூசையறை இறாக்கையில், முன்னர் போத்தல் இருந்ததுபோன்ற ஓரிடத்தில் இருக்கின்றது. சுவரிற் பல்லி சொல்லும்பொழுதெல்லாம் முதுமையடைந்த தாயார் நிமிர்ந்து பார்த்து, “ஐயா வெளிக்கிட்டிட்டார் போலை” என்கிறார். நாமும் ஒரு கணம் காது கொடுத்துக் கேட்கின்றோம்.